எங்கே புதைத்தாய்?

புல்தரைதான் நீதிமன்றம். ஒரு நீள பெஞ்சில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மார்புக்குக் குறுக்கே நீலமும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பட்டை. அதைக் கழற்றிவிட்டால் அவர்களில் ஒருவர் வாழை பயிரிடுகிறவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் சந்தையில் பீன்ஸ் விற்கிற அம்மா. எதிரே ரோஜா நிறச் சீருடையில் ஒரு கைதி. வெயிலுக்குக் குடை பிடித்தும், பிள்ளையை முதுகோடு துணியால் கட்டிக்கொண்டும் ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். அப்புறம் கைதி பேசுகிறான். யாரை, எந்த நாள், எதனால், கூட யார் யார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்திருக்கிறாள்.

"எங்கே புதைத்தாய்?"

இந்தக் காட்சி ஒரே ஓர் ஊரில் ஒரே ஒரு நாள் நடந்ததில்லை. 2005 முதல் 2012 வரை ருவாண்டாவின் குன்றுகள்தோறும் வாராவாரம் நடந்தது. அதற்குக் 'கச்சாச்சா' என்று பெயர். அந்த நாட்டு மொழியில் புல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கொன்றவனும் கொல்லப்பட்டவரின் வீட்டாரும் மறுபடி ஒரே ஊரில் எப்படி வாழ்வது என்பது இந்தச் சொற்பொழிவின் பொருள். பொதுவாகப் பேசினால் இந்தப் பொருள் பிடி கொடுக்காது. அதனால் ஒரே ஒரு நாட்டை, அதிலும் அந்தப் பெண் கேட்ட அந்த ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு போகிறது இந்த உரை.

1994 ஏப்ரல் 6 இரவு, கிகாலி விமான நிலையத்தில் இறங்க வந்த குடியரசுத் தலைவர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் காலையிலிருந்து ஏறக்குறைய நூறு நாள், டுட்சி இனத்தவரை ஹுட்டு இனத் தீவிரவாதிகள் ஊர் ஊராகக் கொன்றார்கள். கொல்ல மறுத்த ஹுட்டுகளும் சேர்ந்தே இறந்தார்கள். பெண் பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா முதல் நாளே கொல்லப்பட்டார். ஐ.நா. கணக்கில் 8 லட்சம் பேர், ருவாண்டா அரசின் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல். கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று, 2,500 பேர் இருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது.

இரு தரப்புக்கும் ஒரே மொழி, ஒரே குன்று, பெரும்பாலும் ஒரே மாதா கோவில். ஆளுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்து அதில் இனத்தை எழுதிவைத்தது 1930-களின் பெல்ஜிய ஆட்சி. அறுபது ஆண்டு கழித்துச் சாலைத் தடுப்புகளில் உயிரைத் தீர்மானித்தது அந்த அட்டைதான். ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி, டுட்சிகளைக் கரப்பான் பூச்சி என்றது. கொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'. நியாமாட்டா வட்டாரத்தில் ஆண்கள் காலையில் கூடி, அரிவாளோடு பப்பைரஸ் சதுப்பில் இறங்கி, சாயங்காலம் வீடு திரும்பினார்கள். அங்கே இருந்த சுமார் 59,000 டுட்சிகளில் 50,000 பேர் சில வாரங்களில் மாண்டார்கள். நியாமாட்டா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களின் உடுப்புகள் இன்றும் அதே பெஞ்சுகளின் மேல் குவிந்து கிடக்கின்றன. மண்ணின் நிறம் ஏறிப்போன சட்டைகள், பாவாடைகள், குழந்தைகளின் கம்பளிகள். பலிபீடத் துணியில் கறை இருக்கிறது.

ஜூலையில் கொலை நின்றது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நீதிபதிகளில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள் அல்லது ஓடிப்போயிருந்தார்கள். சிறைகளில் 1,20,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். முறைப்படி விசாரித்தால் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1998 ஏப்ரலில் 22 பேரைப் பொது இடத்தில் சுட்டுக் கொன்று பார்த்தது அரசு. அந்த வழி எங்கும் கொண்டு போகாது என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. சிறையில் இருப்பவன் என்றாவது வெளியே வருவான். வந்தால் அதே குன்றுக்குத்தான் வருவான். நெருக்கமாக மக்கள் வாழும் அந்தச் சிறு நாட்டில் தள்ளிப்போய் வாழ நிலம் இல்லை. அதே கிணறு, அதே சந்தை, அதே வாழைப்பழக் கள்ளுக் கடை.

நம் ஊர்ப் பக்கம் இரண்டு வீட்டுக்குள் சண்டை வந்தால், "போனது போகட்டும், ராசியாப் போயிடுங்க" என்று சொல்ல ஓர் ஆள் வருவார். அவர் மூன்றாம் ஆள். அடித்தவரோ அடிபட்டவரோ அந்த வாக்கியத்தைத் தொடங்குவதில்லை. படுகொலைக்குப் பின் அந்த மூன்றாம் ஆளின் இடத்தில் அரசு வந்து நிற்கிறது. ஊர் அமைதியாக இருக்க வேண்டும், பள்ளி திறக்க வேண்டும், அறுவடை நடக்க வேண்டும் என்ற அவசரம் அதற்கு. அந்த அவசரத்தில் நியாயம் உண்டு. ஆனால் 'போனது' எங்கே போனது என்று தெரியாத ஒரு தாயிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

ருவாண்டர்களின் சொல் இன்னும் கூர்மையானது. இணக்கத்துக்கு அவர்கள் சொல்வது 'உப்வியுங்கே'. முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதற்கும் அதே வேர்ச்சொல்தான். எலும்பு கட்டுகிற இடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மூங்கில் பத்தையும் கட்டும் அப்புறம்தான்; முதலில் வைத்தியர் விரலால் அழுத்தி எங்கே முறிந்தது என்று தேடுவார். உயிர் போகும்.

2001-ல் கச்சாச்சாச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஊர்க்காரர்களே சுமார் இரண்டரை லட்சம் பேரை நீதிபதிகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். 'இன்யங்கமுகாயோ', அதாவது இழிவை வெறுப்பவர்கள் என்று பட்டம். சம்பளம் கிடையாது, சட்டப் படிப்பு கிடையாது, வழக்கறிஞர்களுக்கு இடமே கிடையாது. ஏறக்குறைய 12,000 ஊர் மன்றங்கள். 2012 ஜூன் 18-ல் மூடுவதற்குள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தார்கள். எழுத்தர்கள் பள்ளி நோட்டுகளில் கையால் எழுதிவைத்த பக்கங்கள் சுமார் 6 கோடி. மனிதர்கள் தங்கள் குற்றத்தையும் தங்கள் இழப்பையும் இவ்வளவு விரிவாக எழுதிவைத்த ஆவணக் குவியல் உலகில் வேறெங்காவது இருக்குமா என்பது சந்தேகமே.

குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவனுக்குத் தண்டனை வெகுவாகக் குறையும், மிச்சத்திலும் பாதியைச் சமூக உழைப்பாகக் கழிக்கலாம் என்றது சட்டம். சாலை போடலாம், மலைச் சரிவில் படிக்கட்டு வரப்பு வெட்டலாம், உயிர் தப்பியவர்களுக்கு வீடு கட்டலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அன்றே மன்னிப்புக்கு ஒரு விலை வந்துவிட்டது. "என்னை மன்னித்துவிடு" என்று சொல்கிறவன் மனம் உடைந்து சொல்கிறானா, பத்து வருடம் குறையும் என்பதற்காகச் சொல்கிறானா? பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஹாட்ஸ்ஃபெல்ட், நியாமாட்டாவில் கொலை செய்த நண்பர் கூட்டம் ஒன்றை ரிலிமா சிறையில் பலமுறை சந்தித்து ஒரு நூல் எழுதினார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் பழைய வாழ்க்கை, பழைய வயல் எல்லாம் திரும்பிவிடும் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் பேச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மன்னிக்கப்போகிறவளுக்கு எது திரும்பும் என்ற கேள்வி அவர்களுக்கு அநேகமாக எழவே இல்லை.

அந்தப் பெண்ணின் கேள்வி இங்கேதான் பெரிதாகிறது. ஒருவன் மனம் வருந்தினானா என்பதைத் தோண்டிப் பார்க்க முடியாது. எங்கே புதைத்தான் என்பதைத் தோண்டிப் பார்க்கலாம். ஒப்புதல் வாக்குமூலத்தில் உடல் கிடக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும் என்று கச்சாச்சாச் சட்டமே கேட்டது. 'அந்தக் கழிப்பறைக் குழியில்', 'சோளக்கொல்லையின் ஓரத்தில்', 'வாழைத் தோப்புக்குள், மூன்றாவது வரிசையில்' என்று பதில் வந்தது. மண்வெட்டியோடு ஊர் போனது. சொன்ன இடத்தில் எலும்பு இருந்தால் அவன் சொன்ன மற்றதையும் நம்பலாம். எலும்பைக் கழுவி, துணியில் வைத்து, மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். தேதி தெரியாமல், இடம் தெரியாமல் பத்துப் பதினைந்து வருடம் அலைந்தவர்கள் முதல்முறையாக ஒரு மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். கச்சாச்சா உருப்படியாகக் கொடுத்தது எதை என்று கேட்டால், தண்டனைக்கும் முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய செயல் என்பதற்கு இன்னொரு மன்றத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. அதில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. டர்பன் நகரின் கிளேர்வுட் பகுதியில் 1941-ல் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. இனஒதுக்கல் காலத்துத் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த அவர், தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகப் போனார். அப்போது அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி அவர்தான். டாபா என்ற ஊரின் மேயர் ழான்-பால் அக்காயேசு மீதான வழக்கு 1997 தொடக்கத்தில் விசாரணைக்கு வந்தபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற சொல்லே இல்லை. கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், பேச்சோடு பேச்சாகத் தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். குற்றம் சாட்டும் தரப்பு அதைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை. நீதிபதிகள் கேட்டார்கள், நவநீதம் பிள்ளை விடாமல் கேட்டார். அடுத்து வந்த பெண்ணும் சொன்னார். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, இன அழிப்புக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச மன்றம் முழு விசாரணை நடத்தி வழங்கிய முதல் தீர்ப்பு. வன்புணர்வும் இன அழிப்பின் ஒரு வழியே என்று அது எழுதிவைத்தது. அந்தத் தாய் பேசும்போது எல்லோரும் அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தால் அந்த வரி சட்டத்தில் ஏறியிருக்காது. இதே நவநீதம் பிள்ளை, ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2013 ஆகஸ்டில் இலங்கையின் வடக்கே போனபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் கையில் படங்களோடு நின்றன. அவர்கள் கேட்டதும் 'எங்கே' என்பதைத்தான்.

உண்மையைச் சொன்னால் புண் ஆறும் என்பார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் காரென் ப்ரூநேயஸ் ருவாண்டாவில் 1,200 பேரிடம் ஆய்வு நடத்தினார். கச்சாச்சாவில் சாட்சி சொன்னவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சி நோயும் சொல்லாதவர்களைவிட அதிகமாக இருந்தன. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சாட்சி சொன்னவள் அன்றிரவு அதே ஊரில், குற்றவாளியின் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுக்க வேண்டும். சாட்சி சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. 2008-ல் வன்புணர்வு வழக்குகளையும் கச்சாச்சாவுக்கு மாற்றினார்கள். கதவை மூடி விசாரித்தாலும், யார் எதற்காக உள்ளே போகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாதா?

பணக் கணக்கும் தீரவில்லை. வழக்குகளில் 13 லட்சத்துக்கு மேல் சொத்து பற்றியவை: பிடுங்கிய ஆடு மாடு, பெயர்த்த ஓடு, எரித்த வீடு. ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. கொடுக்க வேண்டியவனோ பெரும்பாலும் பரம ஏழை. உயிரிழப்புக்கு இழப்பீடு தரும் சட்டம் வரவே இல்லை; உயிர் தப்பியோருக்கென 1998-ல் தொடங்கிய அரசு நிதி படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் உதவியது, அவ்வளவுதான்.

ஆனாலும் ருவாண்டாவில் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பசு. அந்நாட்டில் ஒருவருக்குப் பசு கொடுப்பது என்பது பரம்பரைக்கும் விலகாத உறவைக் கொடுப்பது. இதை வைத்து ஒரு கிறிஸ்தவ அமைப்பு, உயிர் தப்பிய ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்குத் தீங்கு செய்தவருக்கும் சேர்த்து ஒரே பசுவைக் கொடுக்கிறது. தொழுவம் ஒரு வீட்டில் இருக்கும். புல் வெட்டிச் சுமந்துகொண்டு மற்றவர் தினமும் அங்கே வர வேண்டும். பேசப் பிடிக்காவிட்டாலும், மாடு தின்றதா, சாணி இளகலாகப் போகிறதா, எப்போது சினைக்கு விடுவது என்று பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் மன்னிப்பு என்ற சொல்லே வராமல் மாதக்கணக்கில் போகலாம். அதுவே அதன் பலம். யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

புகேசேரா மாவட்டத்தில் ம்ப்யோ என்று ஓர் 'இணக்க கிராமம்' இருக்கிறது. விடுதலையான கைதிகளும் தப்பிப் பிழைத்தவர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். வீடு கட்டும்போது இரு தரப்பும் செங்கல் சுமந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அங்கே கூட்டிப்போகிறார்கள். அந்த ஊர்க்காரர்களின் உறவு பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பார்வையாளர்கள் முன்னால் ஒருத்தி தான் மன்னித்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது அவளை என்ன செய்யும் என்ற கவலை எழாமல் இல்லை. தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் ஹ்யூகோ 2014-ல் இப்படிப்பட்ட இணைகளைப் படம் எடுத்தார். ஒரு படத்தில் தோளில் கை. இன்னொன்றில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலி. அந்தக் காலி இடமும் உண்மைதான். அதை நிரப்பச் சொல்லி அவசரப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

இதற்கு மேல் ஒரு பெயரைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. கிசிட்டோ மிஹிகோ. 1981-ல் கிபேஹோவில் பிறந்தவர், டுட்சி, 1994-ல் தந்தையைப் பறிகொடுத்தவர். தேவாலய இசையில் வளர்ந்து நாட்டின் அன்புக்குரிய பாடகரானார். அரசு நினைவு நிகழ்ச்சிகளில் அவர் குரல்தான். சிறைகளுக்குப் போய்க் கைதிகளோடு பாடினார், இணக்கம் பற்றிப் பேசினார். 2014-ல், இருபதாம் ஆண்டு நினைவை ஒட்டி, 'மரணத்தின் பொருள்' என்ற தலைப்பில் ஒரு பாடல் வெளியிட்டார். இன அழிப்பில் இறந்தவர்களோடு, அந்தப் பெயர் கொடுக்கப்படாத வன்முறையில் இறந்தவர்களுக்காகவும் அது துக்கப்பட்டது. கொலையை நிறுத்தி ஆட்சிக்கு வந்த படையின் கையாலும் ஹுட்டு மக்கள் இறந்திருக்கிறார்கள். அந்தக் குற்றங்கள் கச்சாச்சாவின் எல்லைக்குள் வரவில்லை. பொதுவெளியில் பேசவும் முடிவதில்லை. ஏப்ரலில் அவரைக் கைது செய்தார்கள். அரசுக்கு எதிரான சதி என்று 10 ஆண்டுத் தண்டனை. 2018-ல் பொதுமன்னிப்பு. 2020 பிப்ரவரியில் மறுபடி கைது. 17-ஆம் தேதி காவல் நிலைய அறையில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது காவல்துறை. சுதந்திர விசாரணை வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன, கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

மிஹிகோவின் பாடல் இரண்டு கொலைகளும் சமம் என்று சொல்லவில்லை. டுட்சிகளை வேரோடு அழிக்கத் திட்டமிட்டது தனிக் குற்றம். அதை வேறெதனோடும் தராசில் வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஹுட்டுத் தாய் ஒருத்திக்கும் காணாமல்போன மகன் இருக்கலாம், அவளுக்கும் 'எங்கே' என்று கேட்க வாய் இருக்க வேண்டும். தந்தையைப் பறிகொடுத்த ஒரு டுட்சி அவளுக்காகப் பாடினார். இணக்கம் என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

அரசின் 'இணக்க அளவுமானி' 2010-ல் 82.3 சதவீதம் காட்டியது, 2020-ல் 94.7. அடையாள அட்டையில் இப்போது இனம் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பெரிய கலவரம் இல்லை. கிகாலித் தெருவில் குப்பைகூட இல்லை என்பார்கள். இவற்றைச் சின்னதாகப் பேசக்கூடாது. பக்கத்து வீட்டார் மறுபடி கூட்டமாக அரிவாள் எடுக்கவில்லை என்பது பெரிய சாதனை. ஆனால் அந்த 94.7-க்கு அடியில் என்ன இருக்கிறது என்று மண் அவ்வப்போது சொல்லிவிடுகிறது.

2018-ல் கிகாலிக்குப் பக்கத்தில் கபுகா பகுதியில் வீடுகளுக்கு அடியிலும் முற்றங்களிலும் பெரும் புதைகுழிகள் வெளிப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள். மேலே குடியிருந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 24 ஆண்டும் ஏப்ரலில் உயிர் தப்பியவர்களோடு நினைவுக் கூட்டங்களில் உட்கார்ந்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், சொல்லவில்லை.

2023 அக்டோபரில் தெற்கே ஹூயே மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆறு பேரின் எச்சங்கள் கிடைத்தன. சுற்றிலும் தோண்டத் தொடங்கினார்கள். தை மாதத்தில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அடுத்த சில மாதத்தில் ஆயிரத்தை. மறைத்ததாகச் சிலர் கைதானார்கள். செய்தி கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வயதானவர்கள் வந்தார்கள். எலும்பைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது. மண்ணோடு வந்த துணிகளைத் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் அவற்றைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டி, தையலைத் தடவி, பித்தானைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.